மூட்டைக்குப் பயப்படத் தெரியாது

என் தம்பி மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் அது வண்டிக்கே தெரியாது. ஓட்டுகிறவன் பாதி தூரம் போனபிறகு, "ஐயோ, அவனை ஏத்திக்க மறந்துட்டேனே" என்று பதறி, வண்டியைத் திருப்பிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து தேடுவான். அப்போதும் இவன் பின்னால்தான் உட்கார்ந்திருப்பான். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, எடை மேடையில் ஏறினால்கூட முள் அசையாது என்று சேர்த்துக்கொள்வேன். இதை முழுப் பொய் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான். எடை மேடை முள் நன்றாகவே அசையும். எழுபத்தைந்து கிலோ. அந்த எழுபத்தைந்து கிலோவுக்காகத்தான் அவனுக்கு வேலையே கொடுத்தார்கள்.

கம்பெனியில் அவனுக்கு மூட்டை என்று பெயர். குண்டாக இருப்பதால் வைத்ததாக நினைத்துவிட வேண்டாம். அது மோட்டார் சைக்கிள் செய்கிற கம்பெனி. பின்பக்கம், மதில் சுவருக்குள், வண்டிகளை ஓட்டிப் பார்க்கத் தனிப்பாதை உண்டு. நீளமாக ஒரு நேர்ப்பாதை, அடுத்தடுத்து வளைவுகள், ஓரிடத்தில் தண்ணீர் விட்டு வழுக்கலாக்கிய தரை, ஓரமெல்லாம் மணல். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க, முதலில் மணல் மூட்டையைத்தான் சீட்டில் கட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் வளைவில் கயிறு அறுந்து மூட்டை உருண்டு ஓடியது. உதிரி சாமான் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த என் தம்பி, அது ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏய், நீ எவ்வளவு இருப்பே?" என்று கேட்டான் வண்டி ஓட்டுகிறவன்.

"எழுபத்தஞ்சு."

"மூட்டையும் எழுபத்தஞ்சுதான். ஏறு."

ஏறினான். சாயங்காலம் இறங்கும்போது பெயர் மாறியிருந்தது. மழைக்குப் போர்த்த மணல் மூட்டைக்கு ஒரு தார்ப்பாய் இருந்தது. இவனுக்கு அதையும் கொடுக்கவில்லை.

வண்டி ஓட்டுகிறவனுக்கு நெட்டை என்று பெயர். காலை மடக்கி வண்டியில் உட்கார்ந்தால் வெட்டுக்கிளி ஒன்று தகரத்தின்மேல் இறங்கின மாதிரி இருப்பான். வாய் கத்தரிக்கோல். என் அம்மா செத்த வாரத்தில் தம்பி சோறு தண்ணி இல்லாமல் மூன்று கிலோ இறங்கிப்போனான். காலையில் எடை பார்க்காமல் பின் சீட்டில் ஏற முடியாது. குறைந்தால் சட்டைப்பையில் இரும்புத் துண்டு போட்டு எடையைச் சரிக்கட்டுவார்கள். நெட்டை இரும்பைப் போட்டுவிட்டு, "பரவால்லடா, உங்கம்மா மூணு கிலோ இருந்திருக்காங்க" என்றானாம். அவள் எனக்கும் அம்மாதான். ஆனாலும் தம்பி வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பியும் சிரித்தான். அழுகிற வீட்டில் இரண்டு பேர் சிரிப்பதைப் பார்த்த அத்தை இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

இவன் வேலை இன்னதென்று சொன்னால்தான் இவனுக்கு வந்த கேடு புரியும். சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தச் சக்கரம் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று அது கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். சக்கரம் வழுக்கப்போகிறது என்று தோன்றினால் போதும், ஓட்டுகிறவனை ஒரு வார்த்தை கேட்காமல் இன்ஜினின் வேகத்தைக் குறைக்கும், பிரேக்கை லேசாகத் தொடும். மருமகள் சமைக்கும்போது பின்னால் வந்து நின்று அடுப்பைத் தணிக்கிற மாமியார் மாதிரி. விழாமல் காப்பாற்றுவதுதான் அதன் வேலை என்று கம்பெனியில் சொல்வார்கள். மாமியார்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

ஒற்றை ஆள் ஓட்டினால் பெட்டிக்குத் தொல்லையில்லை. பின்னால் ஓர் உடம்பு ஏறியதும் எல்லாம் மாறும். பாரம் பின்னுக்கும் போகும், உயரத்துக்கும் போகும். முன்சக்கரம் லேசாகி, வேகம் கொடுத்தால் தலையைத் தூக்கப் பார்க்கும். பிரேக் போட்டால் பின்னால் இருப்பவர் சறுக்கி வந்து முன்னவர் முதுகில் மோதுவார், பாரம் திடீரென்று முன்னால் பாயும். இதையெல்லாம் மணல் மூட்டையை வைத்தே பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். வினை வளைவில்தான் இருக்கிறது. வளைவில் வண்டி உள்பக்கம் சாயும்போது பின்னால் இருப்பவரும் கூடச் சாய வேண்டும். பயந்துபோய் வெளிப்பக்கம் நிமிர்ந்தால், அதே வளைவைத் திரும்ப வண்டி இன்னும் அதிகம் சாய வேண்டும். வண்டி சாய்வது பெட்டிக்குத் தெரியும். மேலே இருப்பவருக்கு வயிறு கலங்குவது அதற்குத் தெரியாது.

என் தம்பிக்கு வயிறு கலங்கியதே இல்லை. கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்காருவான். நெட்டையின் தோள் ஓர் இழை அசைந்தால் இவன் உடம்பும் ஓர் இழை அசையும். நெட்டைக்குத் தும்மல் வந்தால் தும்முவதற்கு முன்பே இவன் குனிந்துவிடுவான் என்பேன். (இதையும் இழுத்துத்தான் சொல்கிறேன்.) அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தெருமுனையில் திரும்பும்போது உள்பக்கம் சாய்ந்தபடி நடப்பான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் குழம்பை எடுக்க வலப்பக்கம் எட்டினால், இவனும் வலப்பக்கம் சாய்வான். வாழ்க்கையில் அவன் பெருமைப்பட்டுக்கொண்டது அது ஒன்றுக்குத்தான். "என்னை மாதிரி உட்கார ஆள் கிடையாதுக்கா" என்பான். உட்காருவதற்கெல்லாம் பெருமைப்படுகிற ஒருவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவன் பெண்டாட்டி வேறு ரகம். வீட்டுக் கூடத்தில் பெரிய தையல் மெஷின் போட்டு, அதே கம்பெனி வண்டிகளுக்குச் சீட்டு உறை தைக்கிறாள். மொத்தமான ரெக்ஸினை இழுத்துப் பிடித்துத் தைக்க, கையில் பலம் வேண்டும். பலம் இருந்தது. ஆனால் தான் தைத்த சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பஸ் நின்றபிறகும் இன்னொரு தடவை நிற்கட்டும் என்று காத்திருந்து ஏறுகிறவள். கல்யாணமாகி வந்த புதிதில் தம்பி சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "நீங்க போங்க, நான் பின்னாலயே ஓடி வர்றேன்" என்றவள்.

புது வண்டி தயாரானது. கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் வெளியாட்கள் சிலருக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். கம்பெனி வண்டிகளை விற்கிற கடைக்காரர் ஒருவர் தன் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு புறப்பட்டார். முதல் வளைவில் அந்த அம்மாள் பயந்து வெளிப்பக்கம் எகிறினாள். பெட்டி அந்த ஆட்டத்தைப் பார்த்து, சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்து இன்ஜினை அடக்கியது. பாதி வளைவில் இழுப்பு போன வண்டி நிமிர்ந்து நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது.

பெட்டிக்குப் பொறுப்பான இன்ஜினியர் ஒரு பெண்பிள்ளை. எல்லாரும் மேடம் என்பார்கள். குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல், ஆளைத் தோலுரித்துத் தொங்கவிடக்கூடியவள். தம்பியைக் கூப்பிட்டாள்.

"உட்காருங்க."

"இருக்கட்டும் மேடம்."

"இல்ல, உட்காருங்க. உட்கார்றதுதானே உங்க வேலை." ஸ்கிரீனை அவன் பக்கம் திருப்பினாள். "இது வண்டி சாய்ஞ்ச கோடு. இதுல உங்க உடம்போட கோடு எது, காட்டுங்க பாப்போம்."

தம்பி குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான். ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது.

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணாக் கிடக்கு. இத்தனை வருஷமா பின்னால ஒரு மனுஷன் இருக்கிறதையே பெட்டி கத்துக்கல. நீங்க வண்டியில எப்பவாவது பயந்திருக்கீங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல மேடம்." பரிசு வாங்குகிறவன் மாதிரிச் சொல்லியிருக்கிறான், பாவி.

"அதான் தப்பு. அந்தம்மாவுக்கு எலும்பு முறிஞ்சது உங்களாலதான்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபமே இல்லையாம். எழுத்துப் பிழையைத் திருத்துகிற மாதிரிச் சொன்னாளாம்.

"இப்ப நான் என்ன செய்யணும் மேடம்?"

"பயப்படணும். நிஜமா. வர்றவங்க எல்லாரும் பயப்படுவாங்க, பெட்டி அதைக் கத்துக்கணும். உங்களால முடியலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

"கிடங்குக்கே திரும்பிப் போயிடட்டுமா?"

"அங்க இப்போ பெட்டி தூக்குற மெஷின் வந்தாச்சே. பாக்கலியா நீங்க?"

பின் சீட்டை விட்டால் அவனுக்கு அந்த மதிலுக்குள் வேறு இடமில்லை. அந்த வயதில் வெளியே போய், "நான் நன்றாக உட்காருவேன்" என்று சொல்லி எவனிடம் வேலை கேட்பது?

வீட்டில் அவனுக்குப் பயம் பழக்கினோம். தையல் பெஞ்சில் முன்னால் நான், பின்னால் அவன். எனக்கு அப்போதே முழங்கால் வலி. ஆனாலும் வண்டி ஓட்டினேன்.

"பயப்படுடா."

"எதுக்கு?"

"நான் ஓட்டறேன்ல."

"நீ நல்லாத்தானேக்கா ஓட்டற."

கோபத்தில் பெஞ்சை ஒரு பக்கமாகத் தள்ளினேன். அவன் கூடவே சாய்ந்தான். பெஞ்சு விழவில்லை. இரண்டு காலில் நின்றது. மெஷினில் இருந்த அவன் பெண்டாட்டிதான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் ஒண்டினாள்.

"இந்தா பாரு, இதுக்குப் பேருதான் பயம். இவகிட்டக் கத்துக்க" என்றேன். சும்மா கிண்டலுக்குச் சொன்னது.

கம்பெனிக்குப் போய் நடித்தான். வளைவு வந்ததும் உடம்பை வெளிப்பக்கம் வெட்டினான், நெட்டையின் விலாவைப் பிடித்தான், "ஐயோ" என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். மேடம் கோட்டைப் பார்த்தாள்.

"இது பயம் இல்ல. உடற்பயிற்சி. பயம் வளைவுக்கு முன்னாடியே வந்துடும். உங்களுது பஸ்ஸை விட்டவன் ஓடி வர்ற மாதிரி கடைசியில வருது."

அன்றைக்குப் பார்த்து அவன் பெண்டாட்டி, தைத்து முடித்த உறைகளைக் கொடுக்க வந்திருந்தாள். மேடத்தைப் பார்த்ததும், புருஷனுக்காக இரண்டு வார்த்தை பேசலாம் என்று பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள். நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். பேசும்போது, நிறுத்தியிருந்த வண்டி ஒன்று கையில் உரசியதும் சட்டென்று விலகினாள். மேடம் பேச்சைக் கேட்கவில்லை. அந்த விலகலைத்தான் பார்த்தாள்.

"நீங்க ஒரு தடவை பின்னால உட்கார்ந்து பாக்குறீங்களா?"

"ஐயோ, வேணாம் மேடம். நின்னுட்டிருக்கிற வண்டியே எனக்கு ஆகாது."

"ரொம்ப நல்லது. எவ்வளவு எடை இருப்பீங்க? பரவால்ல, இரும்பு இருக்கு."

மறுத்துவிட்டு வந்திருக்கலாமே என்று நான் பிற்பாடு கேட்டேன். "அவருக்கு வேலை போயிடும்னு அதே வாயால சொல்லிட்டு, எனக்குக் கொடுக்கிறதை எப்படி அண்ணி வேணாங்கறது?" என்றாள்.

தம்பி போட்டிருந்த ஹெல்மெட்டை அங்கேயே கழற்றி அவள் தலையில் மாட்டினார்கள். இரும்பு போடுகிற பையுள்ள அவன் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டார்கள். முடி நெற்றியில் ஒட்டிக் கிடக்க, பனியனோடு அவன் ஓரமாக நின்றான். வண்டி கிளம்பியது. அவள் நெட்டையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வளைவு கண்ணுக்குத் தெரிந்த உடனே வெளிப்பக்கம் எகிறினாள், காலைத் தரையில் ஊன்றப் பார்த்தாள். அம்மா என்றாள், அப்பா என்றாள், அத்தை என்றாள், வேறு யாரும் மிச்சமில்லாமல் கடைசியில் நெட்டையையே அண்ணா என்றாள். கொண்டையில் தாறுமாறாகக் குத்திய ஊசி மாதிரி ஸ்கிரீனில் கோடு எழும்பி எழும்பி நின்றது.

"அருமை" என்றாள் மேடம்.

இப்படியாக, புருஷன் பலகாலம் பாடுபட்டுக் கற்றதை ஒன்றுமே தெரியாதவள் ஒரே சுற்றில் தட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். "எங்க வீட்டுல மூட்டை இப்ப வெறும் பைதான்" என்றேன். தம்பி காதிலும் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் சாயங்காலம் வந்து மெஷினில் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க வராது. நூலை நாக்கில் நனைத்து நனைத்து, கடைசியில் தம்பிதான் கோத்துக் கொடுப்பான். சோறு அவன் ஆக்கினான். அவள் சாப்பிட்டதை வெளியே போய் வாந்தியெடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து, "நல்லா இருந்துச்சுங்க" என்பாள். வாந்தியெடுத்த சோற்றைப் பாராட்டியவளும் அவள் ஒருத்திதான்.

ஆனால் பயமும் சோப்புக்கட்டி மாதிரி. தினம் தேய்த்தால் கரையும். சில வாரம் கழித்து ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "இன்னைக்குக் கண்ணைத் திறந்து பாத்தேன் அண்ணி. நேர்ப்பாதையில போறப்ப சட்டைக்குள்ள காத்து புகுந்து ஜில்லுன்னு இருந்துச்சு" என்றாள். அடுத்த வாரம் ஊசியில் அவளே நூல் கோத்தாள். தம்பி சந்தோஷப்பட வேண்டியவன், முகம் வாடிப்போனான். அவளுக்கும் பயம் போய்விட்டால் இருவரும் வெளியேதானே?

அந்த நேரத்தில்தான் அவள் ஸ்டூலிலிருந்து விழுந்தாள். கம்பெனி ஸ்டோர் ரூமில், மேல் தட்டிலிருந்து ஹெல்மெட்டை எடுக்க ஏறினாளாம், கால் பிசகி விழுந்தாளாம். இடது கையில் மாவுக்கட்டோடு வந்தாள். கட்டைப் பிரித்தபிறகும் அந்த முழங்கை இன்றுவரை நேராக நீளவில்லை, எதையோ இடுக்கிக்கொண்டிருப்பவள் மாதிரி மடங்கியே நிற்கிறது. நான் சும்மா இருப்பேனா? "ரெண்டு சக்கரத்துல விழாதவ நாலு காலுல விழுந்திருக்கா. அந்த ஸ்டூலுக்கு அடியிலயும் ஒரு பெட்டி வைக்கச் சொல்லு உங்க மேடத்தை" என்றேன். அவள் சிரித்தாள். கட்டைப் பிரித்ததும் மறுபடி வேலைக்குப் போனாள். ஸ்டூலிலிருந்து விழுந்தவளுக்கு நாற்காலியில் உட்காரவே நடுங்கியது, வண்டியைச் சொல்லவே வேண்டாம். மேடத்துக்குக் கோடு முன்னைவிட நன்றாக வந்தது.

ஒருநாள் தம்பி அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனான். பாதையைச் சுற்றிக் கம்பிவலை உண்டு. அதன் பக்கத்தில் நின்று பார்த்தான். மடங்கின கையை நெட்டையின் இடுப்பில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு அவள் போனாள். மூன்றாவது வளைவுக்கு வெகுதூரம் இருக்கும்போதே, நேர்ப்பாதையிலேயே, முகத்தை நெட்டையின் முதுகில் புதைத்துக்கொண்டாள். வலையைப் பிடித்திருந்த தம்பியின் விரலில் கம்பி பதிந்து கன்றிவிட்டது. வீட்டுக்கு வந்து விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் திரும்ப ஏறணும்க்கா. எப்படியாவது."

"அதுக்குப் பயம் வரணுமே. உனக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லையே" என்றேன்.

மறுநாள் கம்பெனி வாசலில் டீக்கடையில் நெட்டையைப் பிடித்தான். நடந்ததைத் தம்பி சொன்னபடியே எழுதுகிறேன், இதில் என் கைச்சரக்கு ஒன்றுமில்லை.

"என்னை ஒருநாள் கீழே போடு."

"என்னடா உளர்ற?"

"வளைவுல. மணல்ல. எனக்குச் சொல்லாம. விழுந்து எந்திரிச்சாத்தான் எனக்கெல்லாம் பயம் வரும். வந்துடுச்சுன்னா அவளை வீட்டுல உட்கார வெச்சிடலாம்."

நெட்டை டம்ளரைக் கீழே வைத்தான். இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"அவளுக்கு இது தெரியாது. சொல்லிடாத."

"சரி. போடறேன். ஒருநாள்."

"என்னைக்கு?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

டீயைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான். நெட்டை டீயை மிச்சம் வைத்து அந்தக் கடைக்காரர் பார்த்ததே இல்லையாம்.

தம்பி மேடத்திடம் போய், இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினான். ஏற்றினார்கள். முதல் வளைவில் பழைய பழக்கத்தில் வழவழவென்று சாய்ந்தான். அடுத்த வளைவு தூரத்தில் தெரிந்தது. இதுவாக இருக்குமோ என்று நினைத்தான். நினைத்த நொடியில் உள்ளே ஏதோ இடம் மாறியது. தொடைமேல் இருந்த கை தானாக எழுந்து நெட்டையின் சட்டையைப் பிடித்தது. உடம்பு வெளிப்பக்கம் நிமிர்ந்தது. இது இல்லை. அப்படியானால் அடுத்தது. அடுத்ததும் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவன் ஒருமுறை விழுந்து எழுந்தான்.

ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம், "யாரு உட்கார்ந்திருக்கா?" என்றாள்.

"மூட்டைதான் மேடம்."

"இல்ல. இது மூட்டை இல்ல. இது மனுஷன்."

அன்றைக்கு அவனுடைய சொந்தப் பெயரை ஆபீசில் கேட்டு வாங்கி, இறங்கி வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். இவன் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தானாம்.

பெண்டாட்டி மெஷினுக்குத் திரும்பினாள், இவன் சீட்டுக்குத் திரும்பினான். பெட்டியும் கற்றுக்கொண்டது. பின்னால் ஒருவர் வெடுக்கென்று நிமிர்ந்தால் இப்போது அது உடனே பதறி இன்ஜினை அடக்குவதில்லை. ஒரு கணம் பொறுத்து, நிஜமாகவே சக்கரம்தான் வழுக்குகிறதா, இல்லை மேலே ஒரு மனுஷன் பயந்திருக்கிறானா என்று பிரித்துப் பார்க்கிறது. அந்த வண்டி இப்போது எல்லாத் தெருவிலும் ஓடுகிறது. யார் யாரோ பெண்டாட்டிகள் பின் சீட்டில் அலறிக்கொண்டு போகிறார்கள், யாருக்கும் எலும்பு முறியவில்லை. அதெல்லாம் என் தம்பியின் அலறல் போட்ட சோறு.

அவனை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறான். தெருமுனை வந்தால் நின்றுவிடுகிறான், யாராவது முன்னால் போகட்டும் என்று. பஸ்ஸில் ஏறுவதில்லை. எடை இறங்கிக்கொண்டே போகிறது, சட்டைப்பையில் இரும்பு ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் இரும்புக்குத்தான் சம்பளம், இவன் அதற்கு உறை என்று நான் சொல்வதுண்டு. தினமும் காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நெட்டையிடம் கேட்பானாம், "இன்னைக்கா?" நெட்டை சொல்வானாம், "பாக்கலாம்."

நெட்டை ஒருநாளும் போட மாட்டான். இது என் தம்பியைத் தவிர எல்லாருக்கும் தெரியும். வாய் மோசமே தவிர, உட்கார்ந்திருக்கிறவரை வேண்டுமென்று கீழே தள்ளுகிற மனசு அவனுக்குக் கிடையாது. ஒரு வெறும் வார்த்தையைக் கொடுத்து ஓர் ஆளை இத்தனை காலம் நடுங்கவைக்க முடியும் என்றால், எதற்கு வண்டியில் கீறல் விழவைப்பது?

இதுவரை எழுதினதை, தம்பி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினேன். மடங்கின கையால் ரெக்ஸினை அழுத்திப் பிடித்தபடி, மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். மாமியார் மூன்று கிலோ இருந்த இடத்தில் மட்டும், "உங்களுக்கு வாய் ரொம்ப அதிகம் அண்ணி" என்றாள். கடைசி வரியைப் படித்ததும் மெஷின் நின்றது.

"ரெண்டு இடத்துல மாத்திடுங்க அண்ணி."

"எங்கே?"

"ஸ்டூல்னு எழுதியிருக்கீங்கல்ல, அது ஸ்டூல் இல்ல. மூணாவது வளைவு. என் கோடு ஒரு வாரமா நேராவே போயிட்டிருந்துச்சு. மேடம் என் எதிர்லயே நெட்டைகிட்ட, 'பயத்தைத் திரும்பக் கொண்டு வர முடியுமா பாருங்க'ன்னு சொன்னாங்க. அவன் மணல்ல போட்டான். எந்திரிச்சு வந்து கையைக் காட்டினேன். அவங்க கோட்டைப் பாத்துட்டு, 'நல்லா வந்திருக்கு'ன்னாங்க. இவர்கிட்ட சொன்னா இவர் போய் அவனை அடிப்பார், ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். அதான் ஸ்டூல்னேன்."

நூலை எடுத்தாள். ஊசியில் அது நுழையவில்லை. இரண்டு தரம் நனைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அவன் ஒருநாளும் போட மாட்டான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதையும் அடிச்சிடுங்க."